பொம்மை சொல்லாது

எனக்குக் கோபம் மூக்கு நுனியிலேயே நிற்கும். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் வீட்டுக்காரர் இன்னும் நாலு சேர்த்துச் சொல்வார். பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. பக்கத்துப் பிள்ளையின் முடியில் கத்தரிக்கோல் வைத்தவன், பசையைத் தொட்டு நக்கியவள், உலக வரைபடத்தில் பசிபிக் கடலுக்கு மீசை வரைந்தவன் என்று எத்தனையோ பேரை வாய் ஓயாமல் திட்டியிருக்கிறேன். இந்தக் கதையில் திட்டு வாங்கியிருக்க வேண்டியவள் நான். ஒருத்தரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

என்னுடையது விடுமுறைக் கால வகுப்பு. ஆறு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை. மொபைல் கடைக்கு மேலே ஒரே ஒரு மாடி அறை. நடுவில் நாலு மேஜையைச் சேர்த்துப் போட்டிருப்பேன். பிள்ளைகள் பதினாலு பேர். ஒவ்வொருவருக்கும் அட்டையில் ஒரு பாஸ்போர்ட் உண்டு. வாரத்துக்கு ஒரு நாட்டுக்குப் போவோம். ஜப்பான் என்றால் காகிதக் கொக்கு, பிரேசில் என்றால் முகமூடி, எகிப்து என்றால் கழுத்து நிறைய அட்டை நகை. மடி, திருப்பு, ஒட்டு, எனக்குச் சிவப்பைக் கொடு, உன்னுடையது என்னுடையதைவிட நீளம் என்று எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டேதான் செய்ய வேண்டும். இலக்கணப் புத்தகத்தை நான் தொடுவதில்லை. கைக்கு வேலை கொடுத்தால் வாய் தானாகத் திறக்கும் என்பது என் கட்சி.

அந்தக் கட்சியைத் தோற்கடிக்க வந்தவள் சீட்டு.

அது பிள்ளைகள் வைத்த பெயர். எட்டு வயது. வகுப்பில் ஒரு வார்த்தை பேசமாட்டாள். கேள்வி கேட்டால் நோட்டிலிருந்து ஒரு மூலையைக் கிழித்து, பதிலை எழுதி, நாலாக மடித்து, என் மேஜையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள். சீட்டைப் பிரித்தால் அழகான ஆங்கிலம். வீட்டில் அவளுடைய அப்பா உட்கார்த்தி வைத்துச் சொல்லிக்கொடுப்பாராம். அவர் ஒரு காப்பீட்டு ஆபீசில் வேலை. அம்மா வீட்டில் தையல் மெஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைக்கிறவள்.

சேர்க்க வந்த அன்றைக்கே அந்த அம்மா சொன்னாள். "அவரு பேனா பிடிச்சவரு டீச்சர், நான் ஊசி பிடிச்சவ. எனக்கு ஏ பி சி டி-யே தகராறு. பிள்ளை வீட்ல என்கிட்ட வாய் மூடாம பேசுவா, வெளியில வந்தா வாய்க்குப் பூட்டு. இங்கிலீஷ எழுதுறா, படிக்கிறா, பேச மட்டும் மாட்டேங்குறா. இவ வாயால பேசுறத ஒரே ஒரு தடவ என் காதால கேட்டுட்டா போதும், வேற ஒண்ணும் வேணாம்."

"ரெண்டே வாரம். பேச வச்சுக் காட்டுறேன்" என்றேன். என் வாய் இருக்கிறதே, அதற்கும் ஒரு பூட்டு போட்டிருக்கலாம்.

ரெண்டு வாரம் நாலு வாரம் ஆயிற்று. கெஞ்சினேன், கொஞ்சினேன், கைப்பாவையை வைத்துக் குரலை மாற்றிப் பேசினேன். ஒரு நாள் பொறுமை போய்க் கத்தியும் விட்டேன். "வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க?" அவள் அசரவில்லை. ஒரு மூலையைக் கிழித்தாள், எழுதினாள், மடித்தாள், வைத்தாள். பிரித்துப் பார்த்தேன். நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் என்று எழுதியிருந்தது. காலத்தைச் சரியாகப் போட்டிருக்கிறாள் என்று ஓரத்தில் ஒரு சரி குறி போட்டேன். அவ்வளவுதான் எனக்குத் தோன்றியது.

ஐந்தாவது வாரம் குவாத்தமாலா. அந்த நாட்டில் கட்டைவிரல் அளவில் குட்டிப் பொம்மைகள் செய்வார்கள். பிள்ளைகள் தங்கள் கவலையை அந்தப் பொம்மையிடம் சொல்லித் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கிவிடுவார்கள். பொம்மை கவலையை வாங்கிக்கொள்ளும் என்று நம்பிக்கை. தீக்குச்சி, நூல், துண்டுத்துணி இருந்தால் போதும். துணி சீட்டின் வீட்டிலிருந்து ஒரு பை நிறைய வந்தது, எல்லாம் சீருடை வெட்டிய மிச்சம். அதனால் எங்கள் குவாத்தமாலாப் பொம்மைகள் எல்லாம் நீலக் கட்டம் போட்ட சீருடையில் பள்ளிக்கூடம் போகிற மாதிரியே இருந்தன.

செவ்வாய்க்கிழமை என் வகுப்பில் குரல் நாள். பிள்ளைகள் பேசுவதைப் போனில் பதிவு செய்து பெற்றோர் குழுவில் போடுவேன். முகமூடியும் கொக்கும் வீட்டுக்குப் போய் நாலு நாளில் குப்பைக்குப் போய்விடும். பெற்றோருக்கு வேண்டியது குரல். என் பிள்ளை இங்கிலீஷில் பேசுது பாருங்கள் என்று நாலு பேருக்கு அனுப்ப வேண்டும் அவர்களுக்கு. இத்தனை வருஷமும் நான் பிழைத்தது அதில்தான், பொய் சொல்வானேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு செருப்புப் பெட்டிக்கு வாசல், சன்னல் எல்லாம் வெட்டிப் பொம்மை வீடாக்கினேன். அறை மூலையில் திரை கட்டி, அதற்குப் பின்னால் ஒரு ஸ்டூல் போட்டுப் பெட்டியை வைத்தேன். உள்ளே பஞ்சு. பஞ்சுக்கு அடியில் என் போன்.

"ஒவ்வொருத்தரா உள்ள போங்க. உங்க பொம்மைய வீட்டுக்குள்ள உக்கார வச்சு, உங்க கவலைய அதுகிட்ட சொல்லுங்க. பொம்மைக்கு இங்கிலீஷ் மட்டும்தான் புரியும். பொம்மை யார்கிட்டயும் சொல்லாது. நானும் கேக்க மாட்டேன், பாருங்க, காதப் பொத்திக்கிறேன்." ரெண்டு கையாலும் காதைப் பொத்திக் கண்ணையும் இறுக்கி மூடிக் காட்டினேன். பிள்ளைகள் சிரித்தார்கள். சீட்டு சிரிக்கவில்லை. கிழித்தாள், எழுதினாள், மடித்தாள், வைத்தாள். சத்தியமாகவா என்று ஒரே ஒரு சொல் எழுதியிருந்தது.

"சத்தியமா" என்றேன்.

சொல்லும்போது எனக்கு நெஞ்சு உறுத்தவில்லை. அதுதான் நிஜம். பிள்ளைகளின் கவலை என்ன பெரிய கவலை என்ற எண்ணம் எனக்கு. பிறகு கேட்டபோது மற்ற பதிமூன்று பேரும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். ஒருத்தனுக்கு அண்ணன் காலுறை நாற்றம். ஒருத்திக்குப் பல் விழுந்த இடத்தில் பல் முளைக்காமலே போய்விடுமோ என்று. ஒருத்தன் உள்ளே போய், எனக்குக் கவலையே இல்லை, என்ன செய்வது என்று பொம்மையிடமே யோசனை கேட்டிருந்தான்.

சீட்டு கடைசியாகப் போனாள். போனவள் வரவேயில்லை. வெளியில் மற்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள். திரைக்குப் பின்னாலிருந்து காற்று மாதிரி ஏதோ கேட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பேசுகிறாள்! வெளியே வந்தபோது அவள் முகம், முதுகிலிருந்து பள்ளிக்கூடப் பையை இறக்கி வைத்துவிட்டு வந்தவள் முகம் மாதிரி இருந்தது. பொம்மையைச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டாள். போகும்போது படியில் நின்று திரும்பி என்னைப் பார்த்துக் கையசைத்தாள். ஐந்து வாரத்தில் அதுவும் முதல் தடவை.

எல்லோரும் போனதும் கதவைச் சாத்திவிட்டு, பதிவில் அவள் பேசியதை மட்டும் வெட்டி எடுத்துப் போட்டுக் கேட்டேன். விரலை மடக்கி எண்ணிக்கொண்டே கேட்டேன். பத்து வாக்கியம். முழுசாகப் பத்து! ஒரு தடுமாற்றம் இல்லை. இறந்தகாலம் இருக்கும் இடத்தில் இறந்தகாலம், எதிர்மறை இருக்கும் இடத்தில் எதிர்மறை. நான் அந்த அறையில் தனியாகக் குதித்தேன், கீழே மொபைல் கடைக்காரர் என்னமோ விழுந்துவிட்டது என்று குரல் கொடுத்தார். நின்ற நிலையிலேயே பெற்றோர் குழுவில் போட்டுவிட்டேன். நம் வகுப்பின் மௌன ராணி இன்று பத்து வாக்கியம் பேசினாள், எல்லோரும் கேளுங்கள் என்று மேலே எழுதி, பூங்கொத்துப் படம் வேறு.

பூவும் கைதட்டலும் குவிந்தன. அருமை என்றார் ஒரு வங்கி மேலாளர். உச்சரிப்பு பிரமாதம் என்றாள் ஒரு டாக்டரம்மா. கடைசியில் சீட்டின் அம்மா தன் குரலில் அனுப்பியிருந்தாள். அழுகையும் சிரிப்புமாக, "டீச்சர், நீங்க நல்லா இருக்கணும். உங்க கைக்கு வளையல் செஞ்சு போட்டாலும் தகும்." அதை நான் மூன்று தடவை கேட்டேன்.

வீட்டுக்குப் போய்ச் சாப்பாடு போடும்போதே வீட்டுக்காரரிடம் போனை நீட்டினேன். அவர் லிப்ட் மெக்கானிக். எங்கே கோளாறு என்பதை மோட்டார் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். மத்தியானம் சாப்பிட மட்டும் வீட்டுக்கு வருவார்.

"கேளுங்க. அந்தப் பேசாத பிள்ளை. பத்து வாக்கியம்!"

அவர் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும் சாப்பிடவில்லை.

"இந்தப் பிள்ளை என்ன சொல்லுதுன்னு கேட்டியா?"

"கேக்காம என்ன? பத்து வாக்கியம், ஒரு தப்பு கிடையாது."

"அத கேக்கல. என்ன சொல்லுதுன்னு கேட்டியான்னு கேட்டேன்."

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன், அதற்குள் அவர் மறுபடியும் போட்டுவிட்டார். அப்போதுதான் கேட்டேன். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்.

பொம்மை, என் கவலை இது. அப்பா தினமும் காலையில் பையை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போகிறார். ஆனால் அப்பாவுக்கு இப்போது ஆபீஸ் இல்லை. பள்ளிக்கூடத்தில் எங்களைப் பார்க்குக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே அப்பா பெஞ்சில் தனியாக உட்கார்ந்து லஞ்ச் சாப்பிட்டார். என்னைப் பார்த்ததும் அம்மாவிடம் சொல்லாதே என்றார். நான் சொல்லவில்லை. தெரிந்தால் அம்மா அழுவாள். நான் பேசினால் அது வெளியில் வந்துவிடும். எனக்குப் பயமாக இருக்கிறது.

போனைப் பிடுங்கி, குழுவிலிருந்து அழித்தேன். அழித்து என்ன? போட்டு ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. பதினாலு வீட்டிலும் கேட்டாயிற்று. அதில் எனக்கு ஒரு நப்பாசை. பூ அனுப்பிய அத்தனை பேரும் என்னைப் போலத்தான் கேட்டிருப்பார்கள், யாரும் அந்தப் பிள்ளை என்ன சொல்கிறது என்று கேட்டிருக்க மாட்டார்கள். அவள் அம்மாவுக்கு ஆங்கிலமே தெரியாது. ஆக யாருக்கும் தெரியாது. இப்படி ஒரு சப்பைக்கட்டு.

"அந்தம்மாவுக்கு ஒரு போன் போடு" என்றார் வீட்டுக்காரர்.

"போட்டு என்னன்னு சொல்றது? உங்க வீட்டுக்காரருக்கு வேலை போயிடுச்சுன்னா?"

"பிள்ளைகிட்டயாவது பேசு."

"எனக்குத் தெரியும், நீங்க சாப்பிடுங்க" என்று எரிந்து விழுந்தேன். கோபம் வந்துவிட்டால் பயம் வெளியில் தெரியாது, அதற்காகவே எனக்கு இவ்வளவு கோபம் வருகிறதோ என்னமோ. போன் போடவில்லை. நாளை போடலாம் என்று விட்டேன். மறுநாள் புதன்கிழமை சீட்டு வகுப்புக்கு வரவில்லை. வந்திருந்தால் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும், வரவில்லையே என்று ஒரு நிமிஷம் நிம்மதிப்பட்டேன். அந்த ஒரு நிமிஷத்தை நினைத்தால் இன்னும் எனக்கு என்மேலேயே அருவருப்பு.

வியாழக்கிழமை வகுப்பு முடிந்து பிள்ளைகள் இறங்கிக்கொண்டிருந்தபோது அவர்கள் படியேறி வந்தார்கள். அம்மா முன்னால், சீட்டு பின்னால். சீட்டின் கை சட்டைப்பைக்குள் இருந்தது.

"நேத்து வயித்து வலின்னு படுத்துட்டா டீச்சர். இன்னைக்கும் வரமாட்டேன்னு ஒரே அடம். நான்தான் இழுத்துக்கிட்டு வந்தேன்" என்றாள் அம்மா. முகமெல்லாம் சிரிப்பு. கையில் தூக்குப்பை, போன். "உங்களுக்கு ஒண்ணு காட்டணும். அன்னைக்கு அதக் கேட்ட உடனே கீழ கடைக்கு ஓடிவந்து இத வச்சுத் தரச் சொன்னேன். யாரு போன் பண்ணினாலும் என் பொண்ணு இங்கிலீஷ்ல பேசுவா!"

எனக்கு விளங்குவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. அந்தப் பதிவைத் தன் போனுக்கு ரிங்டோனாக வைத்திருக்கிறாள். நான் குழுவிலிருந்து அழிப்பதற்கு முன்னாலேயே அது அவள் போனுக்குள் போய்விட்டது. ரெண்டு நாளாக அந்த வீட்டில் யார் கூப்பிட்டாலும், துணி கொடுத்தவர்களோ சொந்தக்காரர்களோ, அந்தப் பிள்ளையின் ரகசியம் வீடு முழுக்கச் சத்தமாகக் கேட்டிருக்கிறது. அப்பா வீட்டில் இருக்கும்போதும் கேட்டிருக்கிறது. சீட்டைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப நீங்க எனக்கு ஒண்ணு செய்யணும்" என்று அந்த அம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "என்ன பேசியிருக்கான்னு ஒவ்வொண்ணா தமிழ்ல சொல்லுங்க. எங்க அண்ணன் கேக்குறாரு, பக்கத்து வீட்ல கேக்குறாங்க, நான் முழிக்கிறேன்."

இதோ, இந்த இடத்தில் நான் உண்மையையும் சொல்லியிருக்கலாம், வாயை மூடிக்கொண்டும் இருந்திருக்கலாம். ரெண்டும் செய்யவில்லை. செய்த தப்பை ஒட்டிச் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். பிள்ளைகளின் அட்டை வேலை கோணலாக இருந்தால் பெற்றோர் வருவதற்குள் நானே வெட்டி ஒட்டிச் சரிசெய்துவிடுவேன், அந்தப் பழக்கம்.

"அப்பாவப் பத்திச் சொல்றாம்மா" என்று ஆரம்பித்தேன். "அப்பா தினமும் காலையில பைய எடுத்துக்கிட்டு ஆபீஸ் போறாரு. ரொம்பக் கஷ்டப்பட்டு வேலை செய்யுறாரு. சாயங்காலம் வந்து எனக்குப் பாடம் சொல்லித் தர்றாரு. எனக்கு அப்பாவையும் அம்மாவையும் ரொம்பப் பிடிக்கும். அப்படிச் சொல்லியிருக்கா."

அந்த அம்மா சிரித்துக்கொண்டேதான் இருந்தாள். பிறகு சிரிப்பு மெல்ல நின்றது.

"குருவி எங்க டீச்சர்?"

"எந்தக் குருவி?"

"அவரு குருவின்னு சொன்னாரே. நேத்துக் காலையில அவர்கிட்டயும் இதேதான் கேட்டேன். பார்க்ல ஒரு குருவியாம். அதுக்கு ஆபீஸ் கிடையாதாம். பெஞ்சுல தனியா உக்காந்து லஞ்ச் சாப்பிடுமாம். இவ அதப் பார்த்தாளாம். அந்தக் கதையத்தான் சொல்லியிருக்கான்னாரு. சொல்லிட்டு, 'பாவம், குருவி'ன்னு அவரே தனக்குத்தானே சொல்லிக்கிட்டாரு."

அவள் விரல் விட்டு எண்ணினாள்.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனா ஆபீஸ் தெரியும். பார்க் தெரியும். பெஞ்ச் தெரியும், லஞ்ச் தெரியும். அம்மான்னு சொல்றது என்னைத்தான்னு தெரியும். இந்த அஞ்சும் இதுக்குள்ள இருக்கு, நானே கேட்டேன். நீங்க சொன்னதுல பார்க்கே இல்ல. அவரு சொன்னதுல அம்மாவே இல்ல. பேசினது ஒண்ணு, ரெண்டு பேரு ரெண்டு விதமா சொல்றீங்க. யாரு சொல்றது டீச்சர் நிஜம்?"

நான் தையல்காரி என்று நினைத்துக்கொண்டது ஒருத்தியை, எதிரே உட்கார்ந்திருந்தது இன்னொருத்தி. தொண்டையைச் செருமினேன், தண்ணீர் குடித்தேன், மேஜைமேல் கிடந்த கத்தரிக்கோலை எடுத்து டப்பாவில் போட்டேன்.

அவள் மகள் பக்கம் திரும்பினாள். அதட்டவில்லை. "நீ சொல்லுடா கண்ணு. நீ பேசினதுதானே?"

சீட்டின் கை வழக்கம்போல நோட்டைத் தேடியது. நோட்டுக் கொண்டுவரவில்லை. என் மேஜையில் காகிதம் கிடந்தது, எடுக்கவில்லை. என்னை நேராகப் பார்த்தாள். பிறகு, என் வகுப்பறையில் ஐந்து வாரமாக நான் தவம் கிடந்த அந்தக் குரல் வந்தது. மெல்லிசாக, ஆனால் தெளிவாக.

"குருவிதாம்மா. அப்பா சொன்னதுதான் நிஜம். டீச்சர் பொய் சொல்றாங்க."

எட்டு வயதுப் பிள்ளை. அப்பாவைக் காப்பாற்ற ஒரு பொய்யையும், என் முகத்துக்கு நேராக ஒரு உண்மையையும் ஒரே மூச்சில் சொன்னாள். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆமாம்மா" என்றேன். "குருவிதான் போல. எனக்குத்தான் சரியாக் கேக்கத் தெரியல."

"இங்கிலீஷ் டீச்சருக்கேவா?"

"ஆமாம்மா."

அந்த அம்மா என்னையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். சரியாக அந்த நேரம் பார்த்து அவள் மடியில் இருந்த போன் அடித்தது. அடித்தது என்றா சொல்வது? பேசியது. என் காலி அறையில் அந்தப் பிள்ளையின் கிசுகிசுப்பு, கடைக்காரர் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொடுத்ததில், சுவர்வரைக்கும் போய் மோதியது. பொம்மை, என் கவலை இது. சீட்டு ரெண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள், கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டாள். நான் செவ்வாய்க்கிழமை நடித்துக் காட்டினேனே, அதே மாதிரி.

அந்த அம்மா எடுக்கவில்லை. போன் திரையில் வந்த பெயரைப் பார்த்தபடி, ஆபீஸ், பார்க், பெஞ்ச், லஞ்ச் எல்லாம் வந்து போகும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். நின்றது. மறுபடி அடித்தது. இந்தத் தடவை எடுத்தாள்.

"சொல்லுங்க... ம்... டீச்சர் கிளாஸ்ல, அதான் மாடியில. ஆமா, அவளும் இருக்கா... நீங்க சாப்பிட்டீங்களா?... இனிமேதானா. எங்க இருக்கீங்க?"

கொஞ்ச நேரம் கேட்டாள்.

"ஆபீஸ்லயா. சரி." அவள் குரல் மாறவில்லை, துணியில் ஓரம் அடிக்கிற மாதிரி நேராகத்தான் போனது. "சரி, சாப்பிடுங்க. வெயில்ல உக்காராதீங்க. நல்ல நிழலாப் பார்த்து உக்காந்து சாப்பிடுங்க."

போனை வைத்தாள். சீட்டு காதிலிருந்து கையை எடுத்திருந்தாள். அந்தக் கடைசிப் பேச்சை அவள் கேட்டுவிட்டாள் என்பது முகத்தில் தெரிந்தது. சத்தம் போடாமல் அழுதாள். அம்மா அவளைக் கிட்ட இழுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டாள், "குருவிக்கு ஒண்ணும் ஆகாதுடா" என்று தலையைத் தடவினாள். ஆனால் அந்தப் பிள்ளை அம்மாவுக்குத் தெரிந்துவிட்டதே என்று மட்டுமா அழுதது? சொல்லமாட்டேன் என்று அப்பாவிடம் கொடுத்த வாக்கைத் தானே உடைத்துவிட்டதாக நினைத்து அழுதது. உடைத்தவள் நான், எதிரே கல் மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

புறப்படும்போது அந்த அம்மா போனை என்னிடம் நீட்டினாள். "இந்த ரிங்டோன எப்படி எடுக்குறதுன்னு தெரியல. கடைக்காரர்கிட்ட கொடுக்க வேணாம், நீங்களே எடுத்துடுங்க."

போனை வாங்கினேன். "பதிவையும் சேர்த்து அழிச்சிடட்டுமாம்மா?"

"வேணாம். ரிங்டோன மட்டும் எடுங்க. குரல் இருக்கட்டும். அவ இங்கிலீஷ்ல பேசி நான் கேட்டது அது ஒண்ணுதான்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். இனிமேல் அனுப்பமாட்டேன் என்பாள், குழுவில் என் மானத்தை வாங்குவாள் என்று காத்திருந்தேன். "நாளைக்கு வருவா டீச்சர்" என்றுவிட்டுப் படியிறங்கினாள். சீட்டு பின்னால் போனாள். ரெண்டு படி இறங்கி, திரும்பி ஏறிவந்து, என் மேஜையில் கிடந்த காகிதத்தில் ஒரு மூலையைக் கிழித்தாள். எழுதினாள், மடித்தாள், வைத்தாள். போய்விட்டாள்.

பொம்மை சொல்லாது என்று நீங்கள் சொன்னீர்கள்.

அவ்வளவுதான் எழுதியிருந்தது. அதில் பிழை இருந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு பிள்ளை எழுதியதைப் பேனாவைத் தேடாமல் படித்தது அன்றைக்குத்தான்.

வெள்ளிக்கிழமை அவள் வந்தாள். அன்றைக்கு நான் சீட்டு எழுதிக்கொண்டு போயிருந்தேன். எப்போதும் ராணி மாதிரி உட்கார்ந்து அதிகாரம் பண்ணுகிற நான், அவள் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்து, நாலாக மடித்ததை அவள் முன்னால் வைத்தேன். பெட்டிக்குள் என் போன் இருந்தது. நீ யாரிடமும் சொல்லவில்லை. நான்தான் எல்லோரிடமும் சொன்னேன். தப்பு என்னுடையது, உன்னுடையது இல்லை. உன் அப்பாவிடமும் இதைச் சொல்லிவிட்டேன். இவ்வளவும் தமிழில்தான் எழுதியிருந்தேன். அப்பாவிடம் சொன்னது நிஜம். முந்தின நாளே பார்க்குக்குப் போய், நிழலில் இருந்த பெஞ்சில் அவரைக் கண்டுபிடித்துச் சொன்னேன். அவர் டிபன் பாக்ஸை மூடிவைத்துவிட்டு எழுந்து நின்றார். "பரவாயில்ல மேடம், நானே சொல்லியிருக்கணும்" என்றார். அவரும் திட்டவில்லை.

சீட்டு படித்தாள். ரெண்டு தடவை படித்தாள். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள். பதிலுக்கு அவள் கை நோட்டுப் பக்கம் போகவில்லை. எழுந்து மூலைக்குப் போனாள். திரை இன்னும் அவிழ்க்காமல் இருந்தது. செருப்புப் பெட்டியின் மூடியைத் திறந்து, பஞ்சை எடுத்து வெளியில் வைத்து, உள்ளே கையை விட்டு நாலு மூலையும் துழாவிப் பார்த்தாள். பிறகு வந்து உட்கார்ந்து, மற்றவர்களோடு அட்டையை வெட்ட ஆரம்பித்தாள்.

வகுப்பு முடிய இன்னும் ஒரு வாரம் இருந்தது. அந்த வாரம் அவள் ஒரு சீட்டும் வைக்கவில்லை. கேட்டால் தலையாட்டுவாள், அவ்வளவுதான். நான் போனைக் கீழே மொபைல் கடையில் கொடுத்துவிட்டு மாடி ஏற ஆரம்பித்தேன். அவளிடம் சொல்லவும் சொன்னேன்.

"போன் கீழ இருக்குடா. மேல கொண்டுவரல."

தலையாட்டினாள். மறுநாள் காலையிலும் வந்தவுடன், பையை இறக்குவதற்கு முன்னால், மூலைக்குப் போய்ப் பஞ்சைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வந்து உட்கார்ந்தாள்.